கப்பல் பெட்டியில் இருபத்தொரு குறை

பிளாஸ்டிக் வாளியும் குவளையும் மூடியும் செய்கிற அந்தக் கம்பெனியில் ரிஜெக்ட் சார் எங்கே என்று கேட்டால் வாசல் காவலாளிகூடக் கை காட்டுவார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது சம்பளச் சீட்டோடு சரி. முப்பத்தொரு வருடமாகச் செக்கிங் மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். அச்சிலிருந்து சூடாக வந்து விழும் சாமானைத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பி, கட்டைவிரல் நகத்தால் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றி, பிசிறு இருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா, வாய் கோணியிருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. சரியில்லை என்றால் சிவப்புச் சீட்டு. சீட்டு விழுந்த வாளி அரவை மெஷினுக்குப் போகும். அதோடு விட்டால் பரவாயில்லை. மெஷின் ஓட்டுகிறவனைக் கூப்பிட்டு, அவன் கண் முன்னாலேயே சீட்டை ஒட்டுவார். "இதுல உன் வீட்ல தண்ணி பிடிப்பாங்களா? பிடிச்சா எங்கிட்ட வந்து சொல்லு" என்பார்.

அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தொல்லையே அதுதான். தப்பாகச் சொல்கிறவனோடு சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொள்ளலாம். இவரிடம் திட்டு வாங்கியவன் பல்லைக் கடித்துக்கொண்டு போய் மெஷினைச் சரி செய்ய வேண்டியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். இடம் விசாலமாக இருக்கிறது என்று அவரும் காலை நீட்டிக்கொள்வார்.

வேலையைக் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வரத் தெரியாத மனிதர். மச்சினன் புதுச் சோபா வாங்கியபோது எல்லாரும் உட்கார்ந்து பார்த்தார்கள். இவர் மண்டியிட்டு, சோபாவுக்கு அடியில் கையை விட்டுத் தடவி, "அடிக்கட்டை பச்சை மரம், ரெண்டு வருஷம் தாங்கினா அதிகம்" என்றார். மச்சினனின் மனைவிக்கு முகம் சுருங்கிப் போனது. அப்போது அவருடைய மனைவி உயிரோடு இருந்தாள். "அவர் கெடக்கார், நீ டீயைக் கொண்டா" என்று ஒரு சிரிப்புச் சிரித்தாள். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. இருபத்தாறு வருடம் அவர் வாயிலிருந்து விழுந்ததையெல்லாம் அவள்தான் பின்னாலேயே வந்து பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், பத்து நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. வாய் மட்டும் மிச்சம்.

அவள் போன பிறகு அவருக்கு என்று இருந்தது ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிதான். மச்சினன் வீடு, மூன்றாவது மாடி, ஜன்னல் ஓரத்து நீள மேஜை. மச்சினன், அவன் மனைவி, வீட்டில் எல்லாரும் இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிற நாற்பத்திரண்டு வயது மச்சினி, அவள் புருஷனான சகலை, பிறகு இவர். ஊர் வாங்கி வீடு கட்டி வாடகை வசூலிக்கிற அந்தப் பழைய அட்டை விளையாட்டை மாலை ஆறு வரை ஆடுவார்கள். வங்கி எப்போதும் இவர் கையில். ஒரு தடவை உருட்டிய பகடையை மறுபடி உருட்ட விடமாட்டார். பகடை மேஜையை விட்டு விழுந்தால் அந்த ஆட்டம் செல்லாது. பாப்பா ஒரு தடவை வாடகை கேட்க மறந்தபோது, "ஞாபகம் இல்லாதவங்க எதுக்கு ஊர் வாங்கணும்" என்றார். அவள் அன்று அக்காவின் பழைய சால்வையைப் போர்த்தியிருந்தாள் என்பதையும் அவர் கவனித்திருந்தார். அதைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

வாரத்தில் மற்ற ஆறு நாளும் அவரோடு யாரும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்த மூன்று மணி நேரம் இல்லாவிட்டால் அவருக்கு ஒன்றுமே இல்லை. அது அவருக்கும் தெரியும். யாராவது கேட்டால், "வேற வேலை இல்ல, போயிட்டு வரேன்" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் பலகையை எடுக்கவில்லை. கைப்பேசியை எடுத்து மேஜை நடுவில் வைத்தான்.

"இத பாருங்க எல்லாரும். வந்திருச்சு."

முந்தைய வருடம் எல்லாருமாகத் தியேட்டருக்குப் போய்ப் பார்த்த கடல் படம் அது. மூழ்கிப்போன தங்கத்துக்காக நான்கு கேப்டன்கள் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு திரிகிற கதை. மச்சினன் அதை ஐந்து தடவை பார்த்தவன். அந்தப் படத்தை வைத்து இப்போது விளையாட்டு வந்திருந்தது. மேஜையையே அடைக்கிற கடல் பலகை, உள்ளங்கை நீளத்துக்குக் கப்பல்கள், கழற்றி மாட்டும் பாய்மரம், நடிகர்களின் முகம் போட்ட அட்டைகள். விலையைப் பார்த்ததும் ரிஜெக்ட் சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்தார். அவருடைய அரை மாதச் சம்பளம்.

"பெட்டிக்குள்ள நிஜக் கடலையே வச்சுக் குடுக்கறானா?"

"காச நானும் மாப்பிள்ளையும் பாத்துக்கறோம், அத்தான். நீங்க ஒண்ணும் போட வேண்டாம். வாங்கலாமா, வேண்டாமான்னு மட்டும் சொல்லுங்க. பிளாஸ்டிக்னா உங்க கண்ணுக்குத் தப்பாதுல்ல."

"வெள்ளிக்கிழமையோட தள்ளுபடி முடியுது" என்றார் சகலை.

எல்லாரும் பெட்டியின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரிஜெக்ட் சார் எந்தப் பெட்டிக்கும் முன்பக்கத்தைப் பார்ப்பதில்லை. முன்பக்கம் விற்கிறவன் பேசுகிற இடம். உண்மை எல்லாம் பக்கவாட்டில், சின்ன எழுத்தில் இருக்கும். அவர் படத்தைத் தள்ளித் தள்ளி, பக்கவாட்டுப் படத்துக்கு வந்து பெரிதாக்கினார். வயது, நேரம், எடை. அதற்கடுத்து வரிசையாகச் சின்னத் தலைகள் வரைந்திருந்தார்கள். இரண்டு முதல் நான்கு பேர்.

மேஜையைச் சுற்றி எண்ணினார். எண்ண வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் எண்ணினார். ஐந்து.

யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தார். "அய்யய்யோ, நாம அஞ்சு பேராச்சே" என்று ஒரு வார்த்தை. யாரும் சொல்லவில்லை. மச்சினனின் மனைவி, "கறுப்புக் கப்பல் எனக்கு, இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். சகலை சிவப்பைக் கேட்டார். பாப்பா அண்ணனைப் பார்த்தாள். மச்சினன் லேசாகத் தலையை ஆட்டினான். அந்தப் பார்வையும் அந்தத் தலையாட்டலும் ரிஜெக்ட் சாரின் கண்ணுக்குத் தப்பவில்லை. வாளியில் இருக்கிற மயிரிழைக் கீறலைப் பார்க்கிற கண் அது.

'ஓகோ' என்று நினைத்துக்கொண்டார். 'காசு போட வேண்டாமாம். ஏன் போடணும்? ஆடுறவன்தானே போடணும்.'

வாரம் முழுக்க அதையே மென்றார். திங்கட்கிழமை நூற்று நாற்பது வாளிக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டினார். செவ்வாய்க்கிழமை மேனேஜரே வந்து, "என்ன சார், எல்லாத்தையும் அரைச்சுட்டா எதை விக்கிறது?" என்று கேட்டார். வீட்டில் இரண்டு அறை, ஒரு கட்டில், ஒரு ஆள். சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது மச்சினனோடு வாய்விட்டே சண்டை போட்டார். 'ரெண்டு வருஷமா என்னைச் சகிச்சுக்கிட்டு இருந்தீங்களா? அப்பவே சொல்லியிருக்க வேண்டியதுதானே. பெட்டி வாங்கித்தான் சொல்லணுமா?'

நேரே ஒரு போன் போட்டு, "மச்சான், நாலு பேர்தான் ஆடலாம்னு போட்டிருக்கே, எனக்கு எப்படி?" என்று கேட்டிருக்கலாம். பத்து விநாடி வேலை. ஆனால் அவர் ஆயுளில் யாரிடமும் 'எனக்கு' என்று ஆரம்பித்து எதையும் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்னால்கூட, "பொண்ணு புடிச்சிருக்கா" என்று கேட்டதற்கு, "குறை ஒண்ணும் தெரியல" என்றுதான் சொன்னார். அவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கேட்டு வாங்குகிற நாற்காலியில் உட்கார்வதைவிடப் படியில் நிற்கலாம் என்பது அவர் கட்சி.

அதனால் வேறு வழியில் இறங்கினார். பெட்டியே வீட்டுக்குள் வரக் கூடாது. வாங்கத் தகுதியில்லாத சாமான் என்று காட்டிவிட்டால் பழைய பலகை, பழைய வங்கி, ஐந்து நாற்காலி. இதில் முப்பத்தொரு வருட அனுபவம் அவருக்கு.

தள்ளுபடி முடிந்தாலும் தன்னைக் கேட்காமல் வாங்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில், சனிக்கிழமை மதியம் ஷிஃப்ட் முடிந்ததும் கடைக்குப் போனார். சட்டைப் பையில் இரும்பு ஸ்கேலும் பூதக்கண்ணாடியும் இருந்தன. கடை முழுக்க விளையாட்டுப் பெட்டிகள், உயர உயரமான அலமாரிகள், ஏசிக் குளிர். மூலையில் ஒரு மேஜைமேல் அந்தக் கடல் விளையாட்டைத் திறந்து பரப்பியிருந்தார்கள். விற்பனைப் பெண் ஒருத்தி சிரித்த முகத்தோடு வந்தாள்.

"தொட்டுப் பாக்கலாம் சார், இது காட்டுறதுக்கு வச்சதுதான்."

நீலக் கப்பலை எடுத்தார். நகத்தால் விளிம்பைச் சுற்றினார். பிசிறு இல்லை. மறுபடியும் சுற்றினார். அச்சின் இரண்டு பாதி சேர்கிற கோடுகூடக் கையில் தட்டவில்லை. பாய்மரத்தைக் கழற்றினார், மாட்டினார். டக்கென்று உட்கார்ந்தது. ஸ்கேலை வைத்து நான்கு கப்பலையும் அளந்தார். அரை மில்லி வித்தியாசம் இல்லை. பலகை மடிப்பில் வெடிப்பு இல்லை. முப்பத்தொரு வருடத்தில் இப்படி ஒரு அச்சு வேலையை அவர் மூன்று தடவை பார்த்திருந்தால் அதிகம். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விதிப் புத்தகத்தை எடுத்தார். அதில் ஓட்டை இருக்கும், அதைப் பிடிக்கலாம் என்றுதான் எடுத்தார். நின்றபடியே நாற்பது நிமிடம் படித்தார். பலகையின் ஓரத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்ட ஒரு முள் இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருவர் அதைத் திருப்பலாம். காற்றுக்கு எதிரே போகிற கப்பல் ஒரே ஒரு கட்டம்தான் நகரும். எவன் முள்ளைத் திருப்புகிறானோ அவன் தன் கப்பலுக்கும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். ரிஜெக்ட் சாரின் கை தானாக நீலக் கப்பலைத் தள்ளியது. முதல் சுற்றில் முள்ளைத் தொடக் கூடாது, மற்றவர்களை முன்னால் போக விட்டு, மூன்றாவது சுற்றில் திருப்பினால் மூன்று பேரும் நடுக்கடலில் நிற்பார்கள். மச்சினன் அவசரக்காரன், முதலில் மாட்டுவான். சகலை தப்பித்துக்கொள்வார். பாப்பா அண்ணனைக் காப்பாற்றப் போய்த் தானும் மாட்டுவாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. இந்த விளையாட்டை ஆட வேண்டும் என்று ஆசை வந்தது. அறுபதை எட்டப்போகிற வயதில், ஒரு கடையின் மூலையில், பிள்ளை மாதிரி ஆசைப்பட்டார்.

"வீட்ல எத்தனை பேர் சார் ஆடுவீங்க?" என்றாள் விற்பனைப் பெண்.

சிரிப்பு நின்றுபோனது. ஐந்து என்றால் அவள் 'அய்யோ பாவம்' என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பாள் என்று தோன்றியது.

"நாலு பேர்தான்."

"அப்ப இதுவே போதும் சார்."

"போதும்னு எனக்குத் தெரியும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு மேஜையில் உட்கார்ந்தார். வெளியே இன்னும் வெயில் இருந்தது. கம்பெனியின் நிராகரிப்புப் படிவம் ஒரு கட்டு எப்போதும் வீட்டில் இருக்கும். ஒன்றை எடுத்து, சாமான் பெயர், பார்த்த தேதி, பார்த்தவர் கையெழுத்து எல்லாம் நிரப்பிவிட்டுக் குறைகளை எழுத ஆரம்பித்தார். இல்லாத குறையை எழுதுவது அவருக்குப் புதிது. முதல் ஐந்துக்குக் கை கூசியது. அப்புறம் பழகிவிட்டது. ஏழாவது குறை, பாய்மரம் எளிதில் கழன்றுவிடுகிறது. பன்னிரண்டாவது குறை, பாய்மரம் எளிதில் கழல மறுக்கிறது. பதினான்கு, மூன்றாவது கேப்டனுக்குப் படத்தில் இடது காதில் தழும்பு, அட்டையில் வலது காதில். இது மட்டும் நிஜமான குறை. பத்தொன்பது, கடல் இவ்வளவு நீலமாக இருக்காது. இருபது, படமே ஒன்றும் பிரமாதம் இல்லை. இருபத்தொன்று, இந்த விலைக்கு இரண்டு நல்ல நாற்காலி வாங்கலாம்.

இருபத்திரண்டு என்று எண் போட்டார். பேனா அங்கேயே நின்றது. 'நான்கு பேர்தான் ஆட முடியும்' என்று எழுத வேண்டும். அந்த இருபத்தொன்றும் இந்த ஒன்றுக்காகத்தான். ஆனால் அதை எழுதினால் அது குறைப் பட்டியலாக இருக்காது, மனுவாகிவிடும். என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுவதாகிவிடும். எண்ணை நன்றாக அடித்தார். கீழே, முடிவு என்ற கட்டத்தில், 'நிராகரிக்கப்படுகிறது. இதை வாங்குகிறவனுக்குப் புத்தி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் அனுப்பினார்.

நான்கு பேரும் பார்த்துவிட்டதாகக் கைப்பேசி காட்டியது. சகலை ஒரு சிரிக்கிற பொம்மையை அனுப்பி உடனே அழித்தார். மச்சினனின் மனைவி, 'ஒரு விளையாட்டு மேல இவ்வளவு வெறுப்பா அண்ணா?' என்று எழுதினாள். 'உள்ளதைச் சொன்னேன்' என்று பதில் போட்டார். பாப்பா எழுதத் தொடங்கினாள், நிறுத்தினாள், மறுபடி தொடங்கினாள், கடைசியில் ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் கழித்து மச்சினன், 'சரி அத்தான்' என்றான்.

அந்தச் 'சரி'யை வெற்றி என்று எடுத்துக்கொண்டு அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது மாடி ஏறிக் கதவைத் தள்ளியவர், செருப்பைக் கழற்றாமலே நின்றார். நீள மேஜைமேல் கடல் விரிந்து கிடந்தது. நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை. நான்கு கப்பல், நான்கு நாற்காலி. ஐந்தாவது நாற்காலி சுவரோரம் சோபாவுக்குப் பக்கத்தில் இருந்தது, அதன்மேல் மடித்த துணிகள். காலியான பெரிய பெட்டி தரையில்.

"வாங்கிட்டீங்களா?"

"வெள்ளிக்கிழமையே வாங்கியாச்சு" என்றான் மச்சினன், தலை நிமிராமல். "தள்ளுபடி முடியுதுன்னு சொன்னோம்ல."

"அப்புறம் எதுக்கு என்னைப் பாத்துச் சொல்லச் சொன்னே? வேலை இல்லாதவன், வேகாத வெயில்ல கடைக்குப் போய்ட்டு வரட்டும்னா?"

"மரியாதைக்குக் கேட்டேன், அத்தான். நீங்க புத்தி இல்லாதவன்னு எழுதிக் குடுத்தீங்க."

"எழுதினதுல என்ன தப்பு? அந்தப் பாய்மரம் ஒரு மாசம் தாங்காது."

மச்சினனின் மனைவி கறுப்புக் கப்பலை எடுத்துப் பாய்மரத்தைக் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள், மாட்டினாள். அவரைப் பார்த்துக்கொண்டே செய்தாள். "நல்லாத்தானே இருக்கு அண்ணா? எது உண்மை, ஏழாவதா, பன்னெண்டாவதா?"

சகலை வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். ரிஜெக்ட் சாருக்குக் காது சூடாகிவிட்டது. கம்பெனியில் அவர் எழுதிய சீட்டை இதுவரை எவனும் திருப்பிக் கேட்டதில்லை.

"சிரிங்க. நல்லா சிரிங்க. சோபா வாங்கினப்பவும் இப்படித்தான். இப்ப அது எப்படி நொடிக்குதுன்னு உட்கார்ந்து பாருங்க."

"அந்தச் சோபாவுல ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் உங்க வார்த்தைதான் குத்துது" என்றாள் அவள். இப்போது குரலில் கேலி இல்லை. "என் வீட்ல நான் வாங்குற எதையாவது நீங்க நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கீங்களா? ஒரு டம்ளர்? ஒரு தலையணை உறை?"

"இல்லாததச் சொல்லச் சொல்றியா?"

"அத்தான், போதும்" என்றாள் பாப்பா.

"என்ன போதும்? எனக்கா தெரியாது? பெட்டியோட பக்கத்துல போட்டிருக்கு. நாலு பேர். நாலு பேர்தான் ஆடலாம். இங்க எத்தனை பேர் இருக்கோம்? உங்க அக்கா இருந்தா இப்படிச் செய்வீங்களா? கழட்டி விடணும்னா நேராச் சொல்ல வேண்டியதுதானே. இதுக்கு எதுக்கு இவ்வளவு காசு போட்டுக் கப்பல் வாங்கணும்?"

பேசி முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

பாப்பாவின் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. கோபம் என்று அவர் எதிர்பார்த்தார். அது கோபம் இல்லை.

"அதுக்கு அஞ்சாவது கப்பல் தனியா விக்கறாங்க, அத்தான்" என்றாள். "சின்னப் பெட்டி. ரோந்துக் கப்பல். வெள்ளை நிறம். அதை வச்சிருக்கறவருக்குத் தங்கம் தேடுற வேலை இல்ல. மத்தவங்க கப்பலை எல்லாம் நிறுத்திச் சோதனை போடணும். சரக்குல குத்தம் கண்டுபிடிச்சா அபராதம் போடலாம். அந்தக் கப்பலோட படத்தைப் பாத்ததுமே நான் சொன்னேன், இது அத்தானுக்குன்னே செஞ்சதுன்னு. அன்னிக்கு இதே மேஜையில அதைச் சொல்லிடப் போறான்னு அண்ணனைப் பாத்தேன். சொல்லல. ஞாயித்துக்கிழமை நீங்க வந்து மேஜையில பாக்கணும்னு வச்சிருந்தோம்."

விற்பனைப் பெண் 'இதுவே போதும்' என்று சொன்னது இப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது.

"எங்க அது?" என்றார்.

"காலையில திருப்பிக் குடுத்துட்டேன்" என்றான் மச்சினன். "முத்திரை உடைக்காததால எடுத்துக்கிட்டாங்க. நானே போய்த்தான் குடுத்தேன். பாப்பா வேண்டாம்னா. அத்தான் அப்படித்தான் எழுதுவார், வந்து உட்கார்ந்தா ஆடுவார்னா. எழுதறதுக்கும் ஒரு அளவு இருக்குன்னு நான் சொன்னேன். புடிக்கல, வாங்குறவனுக்குப் புத்தி இல்ல, படமே மோசம்னு ஒருத்தர் கையெழுத்துப் போட்டு அனுப்பினதுக்கு அப்புறம் அவருக்குக் கப்பல் எதுக்கு?"

"அதை ஏன் எங்கிட்ட முன்னாடியே..."

"நீங்க கேட்டீங்களா?"

அவர் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மச்சினனின் மனைவி அட்டைகளைக் கலைத்துப் பங்கு போட ஆரம்பித்தாள். சகலை விதிப் புத்தகத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு படிப்பதுபோலப் பாவனை செய்தார். பாப்பா மூக்கை உறிஞ்சினாள்.

"சரி, ஆரம்பிப்போம்" என்றான் மச்சினன். காற்று முள்ளை முதல் சுற்றிலேயே திருப்பினான். திருப்பக் கூடாது. மூன்றாவது சுற்று வரை காத்திருக்க வேண்டும். அது ரிஜெக்ட் சாருக்குத் தெரியும், அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது. வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் ஒரு தப்பைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அந்தப் பெருமையை எடுத்துச் சொல்லத்தான் யாரும் இல்லை. அவள் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

சகலை பகடையை உருட்டினார். பாப்பா பச்சைக் கப்பலை நகர்த்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாளே தவிர இவர் பக்கம் திரும்பவில்லை.

ரிஜெக்ட் சார் தொண்டையைச் செருமினார். அவர் சொல்லப்போவதை அவராலேயே நம்ப முடியவில்லை. சின்னக் குரலில், ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"நல்ல விளையாட்டு அது. நேத்துக் கடையில நின்னு முழுசாப் படிச்சேன். எனக்கும் ஆடணும்னுதான் இருந்துச்சு, மச்சான். உங்களோட உட்கார்ந்து ஆடணும்னுதான் இருந்துச்சு."

மச்சினன் கையில் இருந்த கப்பலைப் பலகையில் வைத்தான். முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தான். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டான்.

"அந்த இருபத்தொண்ணுல இது எத்தனாவது, அத்தான்?"